லற் புல்டவுன் இயந்திரத்தில் முதுகைப் பாதுகாப்பாக வலுப்படுத்துவது எப்படி

கொழும்பில் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ, கடைகளுக்கு மேலே முதலாம் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் இயங்கும் மிகச் சிறிய ஜிம்களில்கூட ஓர் இயந்திரத்தைப் பெரும்பாலும் காணலாம். உயரமான இரும்புச் சட்டகம், அதன் உச்சியில் ஒரு கப்பி, கப்பியில் ஓடும் கேபிளின் நுனியில் தொங்கும் நீண்ட கம்பி, கம்பிக்கு நேர்கீழே ஓர் ஆசனம், தொடைகளை மேலெழவிடாமல் பிடிக்கும் இரண்டு உருளைத் திண்டுகள், முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எடைத் தகடுகள் என்று இருக்கும் அதைத்தான் லற் புல்டவுன் என்கிறார்கள். உட்கார்ந்து கம்பியைக் கீழே இழுப்பதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று பலரும் எண்ணுவதால், ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே, எவரிடமும் எதையும் கேட்காமல் இதில் அமர்ந்துவிடுகிறார்கள். இதில் கற்றுக்கொள்ள ஏதுமில்லை என்றுதான் நானும் எண்ணினேன். அதற்கு என் வலது தோள் மூன்று மாதம் விலை கொடுத்தது.

இந்த வழிகாட்டி அந்த ஓர் இயந்திரத்தைப் பற்றியது. எத்தனை கிலோ இழுப்பது என்ற கேள்விக்கு இதில் கடைசியில்தான் இடம் கிடைக்கும். அதற்கு முன்னே, இழுக்கத் தொடங்கும் கணத்தில் தோள்பட்டை எலும்பு என்ன செய்கிறது என்பதையும், இழுத்த கம்பியை மறுபடி எப்படி மேலே விடுகிறோம் என்பதையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதுகு வலுப்பெறுவதும் தோள் பழுதாகாமல் இருப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களிலேயே தீர்மானமாகின்றன.

எந்தத் தசைக்கு வேலை

முதுகின் இரு பக்கத்தும் அகன்று விரிந்த ஒரு தசை இருக்கிறது. அதன் மருத்துவப் பெயர் லற்றிசிமஸ் டோர்சி. அப்பெயரின் முதற்பகுதியைச் சுருக்கியதால் வந்ததே இயந்திரத்தின் பெயரில் உள்ள ‘லற்’. முள்ளந்தண்டின் கீழ்ப்பாதி, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு, கடைசி மூன்று நான்கு விலா எலும்புகள் ஆகிய இடங்களிலிருந்து புறப்படும் இத்தசை, விரித்த விசிறி பிடியை நோக்கி ஒடுங்குவதுபோல் ஒடுங்கிச் சென்று, அக்குளுக்கு அடியால் வளைந்து, மேற்கை எலும்பின் முன்பக்கத்தில் பொருந்துகிறது. உயர்த்திய கையைக் கீழும் பின்னும் இழுத்து உடலோடு சேர்ப்பது இதன் முதன்மையான தொழில். அதோடு தோள்பட்டை எலும்புகளைக் கீழிறக்கி ஒன்றையொன்று நெருங்கச் செய்யும் நடுமுதுகுத் தசைகளும், தோளின் பின்புறத் தசையும், முழங்கையை மடக்கும் மேற்கைத் தசைகளும் சேர்ந்து உழைக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு தவறான எதிர்பார்ப்பைக் களைவது நல்லது. நாளெல்லாம் கணினியின் முன் அமர்ந்திருந்து இடுப்பு நோவோடு வருபவர்கள், ‘முதுகுப் பயிற்சி’ என்ற பெயரைக் கேட்டுவிட்டு இதிலேயே தங்கிவிடுகிறார்கள். முள்ளந்தண்டின் இரு மருங்கிலும் நெடுக ஓடி, நம்மை நிமிர்த்தி வைத்திருக்கும் தசைகளுக்கு லற் புல்டவுனில் கிடைக்கும் வேலை குறைவு. அவை உடலை அசையாமல் தாங்குகின்றன, அவ்வளவே. அத்தசைகளை நேரடியாக வலுப்படுத்த, சாய்ந்து குனிந்து நிமிரும் பலகை போன்ற வேறு சாதனங்கள் இருக்கின்றன. மேல்முதுகுக்கும் நடுமுதுகுக்கும் தோளைத் தாங்கும் பலத்துக்கும் என்றால் இந்த இயந்திரம் மிகப் பொருத்தமானது.

யார் முதலில் வைத்தியரைக் காண வேண்டும்

தோள் மூட்டு எப்போதாவது விலகியவர்கள், தோளிலோ கழுத்திலோ முதுகிலோ சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள், கையைத் தலைக்கு மேல் முழுதாக உயர்த்த முடியாதவர்கள், முதுகிலிருந்து காலுக்கோ கழுத்திலிருந்து கைக்கோ பரவும் வலியும் விறைப்பும் உள்ளவர்கள், எலும்புத் தேய்வு இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் வைத்தியரின் ஒப்புதல் இல்லாமல் இதில் அமரக்கூடாது. கையைத் தலைக்கு மேல் உயர்த்த முடியுமா என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். சுவரோடு முதுகையும் பின்தலையையும் ஒட்டி நின்று, இடுப்பை வளைக்காமல் இரண்டு கைகளையும் நேராக மேலே தூக்க வேண்டும். காதருகே வருமுன்னரே தோளில் குத்தினாலோ, கை உயர்வதற்காக இடுப்பு சுவரைவிட்டு வெகுவாக முன்னே வந்தாலோ, அந்த அசைவைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. வலியோடு தூக்கும் கையில் எடையைத் தொங்கவிடுவது எந்த வகையிலும் பயிற்சியாகாது.

அமர்வதற்கு முன் இயந்திரத்தைப் பார்த்தல்

கடற்கரைக்கு அருகேயுள்ள ஜிம்களில் உப்புக்காற்று இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்கிறது. மரைன் டிரைவ் பக்கத்துச் சன்னல்களைத் திறந்துவைக்கும் இடங்களில் எடைத் தகடுகள் ஏறியிறங்கும் இரண்டு தண்டுகளிலும் செந்நிறப் புள்ளிகளைக் காணலாம். துருவேறிய தண்டில் தகடு ஒரு கணம் சிக்கிப் பின் சட்டென விடுபடும். அந்தச் சட்டென்ற விடுபடல் முழுவதும் தோளில்தான் இறங்கும். ஆகவே முதலில் மிகக் குறைந்த எடையை வைத்து, நின்றபடியே கம்பியை ஒருமுறை இழுத்து விட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டம் வழுவழுப்பாக இருக்கிறதா, இடையில் தடுக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து கேபிள். கம்பியோடு சேரும் நுனியிலும், கப்பியைச் சுற்றி வளையும் பகுதியிலும்தான் அது முதலில் தேய்கிறது. மேலுறை வெடித்து உள்ளே உள்ள மெல்லிய உலோக இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த இயந்திரத்தை அன்றைக்குப் பாவிக்கக் கூடாது. அங்கு வேலை செய்பவரிடம் காட்டிச் சொல்லிவிட வேண்டும். கம்பியைக் கேபிளோடு இணைக்கும் கொக்கி முற்றாக மூடியிருக்கிறதா என்பதும் பார்க்கத்தக்கது. அது பாதி திறந்திருந்து நழுவினால் கம்பி நேராகத் தலையில் விழும். எடையைத் தெரிவு செய்வதற்காகச் செருகும் ‘பின்’ என்ற சிறு இரும்பு முளை, தகட்டின் துளைக்குள் இறுதிவரை செல்ல வேண்டும். தொலைந்த பின்னுக்குப் பதிலாக ஏதோ ஓர் ஆணியையோ போல்ட்டையோ செருகி வைத்திருக்கும் இயந்திரங்களையும் கண்டிருக்கிறேன், அவற்றிலிருந்து விலகியிருங்கள்.

தகடுகளில் எழுதியிருக்கும் எண்ணையும் கவனிக்க வேண்டும். சில இயந்திரங்களில் அது கிலோ, சிலவற்றில் இறாத்தல். ஓர் இறாத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம், நாம் கடையில் வாங்கும் ஒரு இறாத்தல் பாணின் நிறை. எனவே 50 என்று எழுதிய தகடு ஓரிடத்தில் 50 கிலோவாகவும் இன்னோரிடத்தில் 23 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். அத்துடன் கேபிள் எத்தனை கப்பிகளைச் சுற்றி எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே எண் இரண்டு இயந்திரங்களில் இரு வேறு பாரமாகக் கைக்கு வரும். ஜிம் மாறும்போது பழைய எண்ணைக் கொண்டுபோய் அங்கே வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

உடலைச் சூடாக்குதல்

ஐந்து நிமிடம் வேகமாக நடந்தால் போதும். வீட்டிலிருந்து ஜிம்முக்கு நடந்தே வருபவர்களுக்கு அது வழியிலேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் கைகளை முன்னும் பின்னும் மெதுவாகப் பத்துப் பத்துத் தடவை சுழற்றி, உத்தேசித்த எடையின் பாதியோடு 12 முதல் 15 தடவை இழுக்க வேண்டும். இப்படி இடைவிடாமல் தொடர்ந்து இழுக்கும் ஒரு சுற்றைத்தான் ‘செற்’ என்பார்கள். அந்த முதல் செற்றை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

ஆசனமும் பிடியும்

ஆசனத்தின் உயரம், பாதங்கள் முழுதாகத் தரையில் படியும்படியும் முழங்கால் ஏறக்குறையச் செங்கோணத்தில் மடியும்படியும் இருக்க வேண்டும். உருளைத் திண்டுகளைத் தொடையின் மேல் இடைவெளி இல்லாமல் படியும் வரை இறக்குங்கள். திண்டு தளர்வாக இருந்தால் எடை உங்களை ஆசனத்திலிருந்து தூக்கும், அதை எதிர்க்க நீங்கள் இடுப்பை வளைப்பீர்கள், நோவு இடுப்பில் தொடங்கும். குள்ளமானவர்களுக்குப் பாதம் தரையில் எட்டாத இயந்திரங்களும் உண்டு. காலின் கீழ் ஒரு பலகையையோ தட்டையான எடைத் தகட்டையோ வைத்துக்கொள்ளலாம்.

கம்பியை உட்கார்ந்தபடி எட்டிப் பிடிக்க முயலக் கூடாது. எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் பிடித்து, கைகளை நீட்டியபடியே மெதுவாக அமர்ந்து, தொடைகளைத் திண்டுக்குள் செலுத்த வேண்டும். உள்ளங்கை முன்நோக்கிப் பார்க்க, தோள் அகலத்தைவிடச் சற்று வெளியே, இரு பக்கமும் சம தூரத்தில் பிடி அமைய வேண்டும். கம்பி கீழே வளைந்து செல்லும் நுனிகளைப் பிடித்தால்தான் முதுகு அகலமாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மிக அகன்ற பிடியில் கை நகரும் தூரம் குறைந்து, தோள் மூட்டு வசதியற்ற கோணத்துக்குத் தள்ளப்படுகிறது. தொடங்குபவருக்கு அது தேவையே இல்லை. மணிக்கட்டு உள்ளேயோ வெளியேயோ மடியாமல் முழங்கையோடு ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். கொழும்பின் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்து வழுக்குவதால், ஒவ்வொரு செற்றுக்கும் முன் துவாயில் கையைத் துடைத்துவிட்டே பிடியுங்கள்.

உடல் பின்னால் மிகச் சிறிதளவு, 10 முதல் 15 பாகை வரை சாயலாம். கம்பி முகத்தில் படாமல் நெஞ்சுக்கு வர வழிவிடுவதற்கு அந்தச் சாய்வு போதும். நெஞ்சு சற்று நிமிர்ந்தும், விலா எலும்புகள் முன்னே துருத்தாமலும், வயிறு இலேசாக இறுகியும் இருக்க வேண்டும். இந்தச் சாய்வு பயிற்சி முடியும்வரை மாறக் கூடாது.

இழுப்பதும் விடுவதும்

எங்கள் அடுக்குமாடியில் மேல்வீட்டில் இருக்கும் அன்ரிக்கு 61 வயது. வைத்தியர் இரத்த அழுத்தத்தைப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகு, மகளின் வற்புறுத்தலால் ஜிம்முக்கு வரத் தொடங்கினார். முதல் நாள் இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது எங்கட ஊர்க் கிணத்துக் கப்பி மாதிரியெல்லோ” என்றார். அதைவிடச் சரியான ஒப்பீட்டை நான் எந்தப் பயிற்றுநரிடமும் கேட்டதில்லை. மேலே கப்பி, கீழே இழுக்கும் கை, மறுமுனையில் பாரம்.

“ஓம் அன்ரி, அதேதான். நிறைஞ்ச வாளி மேல வந்தாப் பிறகு கயிறை அப்பிடியே விடுவியளோ?”

“விட்டா வாளி தொபுக்கெண்டு விழும், கயிறு கையை அறுத்துப்போடும். மெல்ல மெல்லத்தான் விடுறது.”

இந்தப் பயிற்சியின் பாதி அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. மற்றப் பாதி தோள்பட்டை எலும்பில் இருக்கிறது, அதை இனிச் சொல்கிறேன்.

கம்பியைப் பிடித்து அமர்ந்த நிலையில், கைகளை முழுதாக நீட்டியபடி, முழங்கையைச் சிறிதும் மடக்காமல், தோள்களை மட்டும் காதுகளிலிருந்து கீழே இறக்கிப் பாருங்கள். முதுகின் மேற்புறத்தில் இருக்கும் அந்த இரண்டு முக்கோணத் தட்டை எலும்புகளும் கீழே வழுக்கிச் சற்று நெருங்கும். கம்பி இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மட்டுமே இறங்கும். இதுதான் ஒவ்வோர் இழுப்பின் தொடக்கமும். பெரும்பாலானவர்களுக்கு இந்த அசைவு முதல் நாளில் கைவராது. தோளை இறக்கச் சொன்னால் முழங்கையை மடக்குவார்கள். அன்ரிக்கும் அப்படித்தான் நடந்தது. நான் பின்னால் நின்று, அவருடைய மகளிடம் சொல்லி, தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் ஒரு விரலை வைக்கச் செய்தேன். “அன்ரி, கையை மறந்திடுங்கோ, பிள்ளையின்ர விரலைக் கீழ தள்ளுங்கோ” என்றதும், மூன்றாவது முயற்சியில் எலும்பு நகர்ந்தது. அவருக்கே அது வியப்பாக இருந்தது. முதல் இரண்டு நாட்களும் மிகக் குறைந்த எடையில் இந்தச் சிறிய அசைவை மட்டும் பத்துப் பத்துத் தடவையாகச் செய்தோம், வேறெதுவும் செய்யவில்லை. அந்த இரண்டு நாட்களும் வீணானவையல்ல.

தோள் இறங்கிய பிறகு முழங்கைகளை விலாவை நோக்கிக் கீழே இறக்க வேண்டும். ‘கம்பியை இழுக்கிறேன்’ என்று எண்ணினால் கைத்தசையே முந்திக்கொள்ளும்; ‘முழங்கையைக் கீழே இறக்குகிறேன்’ என்று எண்ணினால் முதுகு வேலையை எடுத்துக்கொள்ளும். விரல்களும் உள்ளங்கையும் கொக்கி மாதிரி மட்டும் இருக்கட்டும், இறுக்கி நசுக்க வேண்டாம். கம்பி நாடியைத் தாண்டிக் காறை எலும்பின் அருகே, மேல்நெஞ்சின் உயரத்துக்கு வரும்போது நிறுத்துங்கள். அதற்குக் கீழே இழுத்தால் முழங்கை பின்னே பறந்து, தோள் முன்னே உருண்டுவிடும். முதுகுக்குக் கிடைக்க வேண்டியது ஏதும் அங்கே இல்லை. எல்லோருக்கும் கம்பி நெஞ்சைத் தொட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தோள் உருளாமல் எவ்வளவு இறங்குகிறதோ அதுவே உங்கள் எல்லை. அங்கே ஒரு விநாடி நிற்க வேண்டும்.

பிறகு விடுதல். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணும் நேரம் எடுத்துக் கம்பியை மேலே போகவிடுங்கள். தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும் இந்தப் பகுதியும் பலத்தைத் தருகிறது. இழுப்பதில் மட்டும் உழைத்துவிட்டு விடுவதைக் கைவிடுபவர்கள் கூலியில் பாதியை விட்டுவிட்டுப் போகிறார்கள். மேலே சேர்ந்ததும் கைகள் முழுதாக நீளலாம், தோள்களும் இயல்பாகச் சற்று உயரலாம். ஆனால் எடை உங்கள் தோளை வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி சத்தம்தான். செற் நடக்கும்போது தகடுகள் ‘டங்’ என்று மோதும் சத்தம் கேட்டால் நீங்கள் விடும் வேகம் அதிகம். நன்றாகச் செய்பவர் இழுக்கும்போது அடுத்த இயந்திரத்தில் இருப்பவருக்கும் சத்தம் கேட்காது.

இழுக்கும்போது வாயால் மூச்சை வெளியே விடுங்கள், கம்பி மேலே போகும்போது மூக்கால் உள்ளே இழுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும், தலைசுற்றலும் வரக்கூடும். அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் இதில் தளர்வே காட்டக் கூடாது.

செற் முடிந்ததும் இருந்த இடத்திலேயே கம்பியைக் கைவிட்டுவிடாதீர்கள். கம்பியைப் பிடித்தபடியே எழுந்து நின்று, தகடுகள் முழுதாக அமர்ந்த பிறகு கையை எடுக்க வேண்டும்.

கழுத்துக்குப் பின்னால் இழுப்பதைப் பற்றி

நான் பழகத் தொடங்கிய இடத்தில் கம்பியைத் தலைக்குப் பின்னால், பிடரி வரை இழுக்கச் சொல்லித் தந்தார்கள். அந்த நாட்களில் அதுவே முறை என்று பலரும் நம்பினார்கள், இன்றும் சிலர் அப்படியே செய்கிறார்கள். ஒரு மாலை, என் அளவுக்கு மிஞ்சிய எடையோடு எட்டாவது தடவையிலேயே களைத்துப்போயிருந்தேன். பின்னால் நின்ற பயிற்றுநர் “தவ எகக், தவ எகக்” என்று உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தார். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று. பத்தாவது தடவையில் கம்பி மேலே போகும்போது வலது தோளுக்குள் ஏதோ கிள்ளியது. வலி அப்போது பெரிதாக இல்லாததால் மேலும் ஒரு செற் செய்துவிட்டுத்தான் வீடு போனேன். மறுநாள் காலை 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியபோது, தோள் உயரத்துக்கு மேல் கை எழவில்லை. இடது கையால் பிடித்துக்கொண்டு கோட்டை வரை போனேன்.

பிசியோதெரபி சிகிச்சையாளர் பின்னர் விளக்கியது எளிமையானது. கம்பி பிடரிக்கு வர வேண்டுமானால் மேற்கை முழுதாகப் பக்கவாட்டில் விரிந்து, அதே நேரம் பின்னோக்கித் தன் எல்லைவரை சுழல வேண்டும். நாள்முழுக்க மேசையில் குனிந்திருக்கும் பலரின் தோளுக்கு அந்தச் சுழற்சி இருப்பதில்லை. ஆகவே மூட்டின் முன்பக்கத் தசைநார்கள் இழுபடுகின்றன, தலை முன்னே துருத்துகிறது, கழுத்து மடிந்த நிலையில் பாரத்தைத் தாங்குகிறது. போதாக்குறைக்குக் கம்பி கழுத்தெலும்பில் மோதும் வாய்ப்பும் இருக்கிறது. இவ்வளவு ஆபத்தையும் ஏற்றுக்கொண்டு கிடைப்பது, முன்பக்கம் இழுத்தாலும் கிடைக்கும் அதே பலன். இதனால் எவர் சொன்னாலும் முன்பக்கமே இழுங்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன். மூன்று மாதம் கழித்து நான் திரும்பிச் சென்றபோது 10 கிலோவில்தான் தொடங்கினேன்.

கொழும்பில் பயிற்றுநரோடு நம் மொழியில் பேச முடியாத ஜிம்கள் பல. இயந்திரத்தின் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும், கட்டளைகள் சிங்களத்தில் வரும். வலிக்கும்போது எப்படிச் சொல்வது என்று தயங்கியே பேசாமல் தொடர்பவர்களைப் பார்த்திருக்கிறேன். “ரிதெனவா” என்றால் நோகிறது என்று பொருள். அந்த ஒரு சொல்லோடு நோகும் இடத்தைத் தொட்டுக் காட்டினால் போதும், எந்த நல்ல பயிற்றுநரும் நிறுத்திவிடுவார். நிறுத்தாவிட்டால் நீங்களே நிறுத்துங்கள்.

அடிக்கடி காணும் பிழைகள்

மற்றப் பிழைகளில் முதன்மையானது உடலை ஊஞ்சல்போல் ஆட்டி இழுப்பது. எடை அதிகம் என்பதற்கு அதுவே அடையாளம். பின்னை ஒரு தகடு மேலே மாற்றினால் பிழை தானாக நீங்கும். இன்னொன்று நாடியை முன்னே நீட்டிக் கம்பியைச் சந்திக்கப் போவது. பார்வையை எதிரே உள்ள கண்ணாடியில், உங்கள் கண் உயரத்துக்குச் சற்று மேலே வைத்திருந்தால் கழுத்து நேராக நிற்கும். கண்ணாடியில் பார்க்க வேண்டியது இன்னுமொன்று: கம்பி இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இறங்குகிறதா என்பது. வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் வலப்பக்கம் முந்தும். அப்படியானால் பலம் குறைந்த பக்கம் ஈடுகொடுக்கும் எடைக்கு இறங்க வேண்டும்.

எவ்வளவு எடை, எத்தனை தடவை, எத்தனை நாள்

10 முதல் 12 தடவை ஒழுங்காக இழுத்து முடித்தபின்னும் ‘இன்னும் இரண்டு மூன்று இழுக்கலாம்’ என்ற நிலை எந்த எடையில் இருக்கிறதோ அதுதான் உங்களுக்கான எடை. அதில் இரண்டு செற், சில வாரங்கள் சென்றபின் மூன்று செற். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் ஓய்வு. வாரத்தில் இரண்டு நாள், அவற்றுக்கிடையே குறைந்தது 48 மணி நேர இடைவெளி. உலக சுகாதார நிறுவனமும் வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுப்பயிற்சி வேண்டும் என்றே சொல்கிறது. அதில் கால், நெஞ்சு, வயிறு என எல்லாப் பெருந்தசைகளும் அடங்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முதுகுக்குள்ளேயே, அமர்ந்தபடி கேபிளை வயிற்றை நோக்கி இழுக்கும் றோ பயிற்சி ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் நடுமுதுகு கூடுதலாக உழைக்கும்.

எல்லாச் செற்றிலும் 12 தடவையை இரண்டு நாள் தொடர்ந்து சத்தமின்றிச் செய்ய முடிந்தால் ஒரு தகடு கூட்டலாம். தொடக்கத்தில் 15 கிலோ இழுப்பவருக்கு 5 கிலோத் தகடு ஒன்றைக் கூட்டுவது மூன்றில் ஒரு பங்கு ஏற்றம்; அது பெரிய தாவல். அப்படிப்பட்டவர்கள் முதலில் 15 தடவை வரை எண்ணிக்கையைக் கூட்டி, அதன் பின்னரே தகட்டைக் கூட்ட வேண்டும். தகடு கூடிய நாளில் 8 தடவைதான் முடிகிறது என்றால் அதில் குறையொன்றுமில்லை. ஒரு சிறு கொப்பியில் திகதி, எடை, தடவை ஆகிய மூன்றையும் எழுதி வாருங்கள். நினைவு எப்போதும் நம்மைக் கூடுதல் பலசாலியாகவே காட்டும்.

எது சாதாரண நோவு, எது ஆபத்து

புதிதாகத் தொடங்கியவருக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அக்குளுக்குக் கீழேயும் முதுகின் பக்கங்களிலும் தசை கனத்து நோகும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் அது உச்சத்தை அடைந்து பின் தானே தணியும். இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக, அழுத்தினால் நோவதாக, அசைய அசைய இலேசாவதாக அது இருக்கும். மூட்டுக்குள் ஒரு புள்ளியில் குத்தும் வலி, கையைத் தூக்கும்போது ஒரே கோணத்தில் திரும்பத் திரும்ப வரும் வலி, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாத வலி ஆகியவை வேறு வகை. அவை வந்தால் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

கை கால்களில் புதிதாகப் பலவீனமோ விறைப்போ தோன்றினாலும், கால்களுக்கிடைப்பட்ட பகுதி மரத்துப்போனாலும், சிறுநீரையோ மலத்தையோ கட்டுப்படுத்த முடியாமல் போனாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. கடும் பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்துப் போவதும் உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய அறிகுறியே. சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் பொருட்கள் சிறுநீரகத்தைத் தாக்குவதால் அது நேர்கிறது. பயிற்சியின்போது நெஞ்சு இறுகி, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடிப்பதும் இங்கே அவசியம். மின்விசிறி மட்டும் உள்ள ஜிம்மில், பங்குனி சித்திரை மாலைகளில், முக்கால் மணி நேரத்தில் சட்டை முழுதும் நனைந்துவிடும். அந்த நாட்களில் ஒரு செற்றைக் குறைத்துக்கொள்வதில் தவறில்லை.

அன்ரி இப்போது ஒன்பதாவது வாரத்தில் இருக்கிறார். 5 கிலோவில் தொடங்கியவர் 15 கிலோவை 12 தடவை இழுக்கிறார்; அடுத்த தகடு எப்போது என்று நான் கேட்கும் முன்னே கொப்பியைத் திறந்து காட்டுகிறார். செற் முடிந்ததும் கம்பியைப் பிடித்தபடி எழுந்து, தகடு அமர்ந்த பின் கையை எடுத்து, ஆசனத்தைத் துவாயால் துடைத்துவிட்டு, கடைசியில் பின்னைக் கழற்றி மிகக் குறைந்த எடைக்கு மாற்றி வைக்கிறார். அடுத்து வருபவர் பார்க்காமல் இழுத்துவிடக் கூடாதே என்று.